தமிழை வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் சொல்லித்தர முடியாது

ஆங்கில வகுப்பென்றால் ஆங்கிலம் மட்டும்தான் காதில் விழ வேண்டும். நடுவே ஒரு தமிழ் வார்த்தை வந்தாலும் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்வார்கள், ஆங்கிலம் வராது. உதவிக்கு வருகிறவர் நுனிநாக்கு ஆங்கிலம் பேசுகிறவராக இருக்க வேண்டும். அதே தெருவில் குடியிருக்கும் பெண்களை உள்ளே விட்டால் பிள்ளைகளின் உச்சரிப்பே கெட்டுப்போகும். ராயபுரத்தில் கேட்டாலும் சரி, திருவொற்றியூரில் கேட்டாலும் சரி, எண்ணூர் கத்திவாக்கத்தில் கேட்டாலும் சரி, இதுதான் பேச்சு. பிள்ளையைக் கூட்டிப்போகப் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்கள் சொல்கிறார்கள். சனிக்கிழமை காரில் வந்திறங்கி, வண்ண அட்டைகளைக் காட்டி வகுப்பெடுத்துவிட்டுப் போகும் கம்பெனித் தன்னார்வலர்கள் சொல்கிறார்கள். பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் இதை விதியாகவே பலகையில் எழுதிப் போடுகிறார்கள்.

இந்தப் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஆங்கில வகுப்புக்குத் துணையாகப் போய்வருகிறவள் நான். இந்தக் கருத்து தவறு என்று சொல்லவே எழுதுகிறேன். யாருக்கும் தீங்கில்லாத தவறாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். இது பேச வாய் துடிக்கும் பிள்ளைகளை ஊமையாக்குகிறது. ஊமையாக்கிவிட்டு, அந்த அமைதியைக் காட்டி, இவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை என்று பழியையும் அவர்கள் தலையிலேயே போடுகிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் வகுப்பு. கையில் ஒரு படம். கடற்கரை, ஒரு படகு, இரண்டு தென்னை. தன்னார்வலர் நல்ல பெண்தான், சிரித்த முகம். “வாட் டூ யூ சீ இன் த பிக்சர்?” என்று கேட்கிறார். முப்பது குரலும் ஒன்றாகத் திருப்பிச் சொல்கின்றன: “வாட் டூ யூ சீ இன் த பிக்சர்!” அவர் படகைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்கிறார். மறுபடியும் அதே கோரஸ், இம்முறை இன்னும் சத்தமாக. கேட்டது கேள்வி என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆங்கிலப் பாடம் என்றால் மிஸ் சொல்வதைத் திருப்பிச் சொல்வது. அவர்களுக்குப் பழக்கப்பட்டது அவ்வளவுதான். அப்போது இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள். அவளுடைய வீட்டில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார்கள். “அக்கா, அந்த போட்டுல இன்ஜினே இல்ல. எப்டி கடலுக்குப் போவும்?” தன்னார்வலர் உதட்டில் விரலை வைத்து, “இங்கிலீஷ், இங்கிலீஷ்” என்கிறார். சிறுமி உட்கார்ந்துவிடுகிறாள். அந்த மணி முடியும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.

முப்பது பிள்ளைகளில் அந்தப் படத்தை உண்மையாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். படம் வரைந்தவருக்கே தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது. அதைத்தான் விரலை வைத்து அடைத்தோம்.

மறுநாள் அதே படத்தை எடுத்து அவளிடம் தமிழில் பேசினேன். இன்ஜின் இல்லாமல் எப்படிப் போகும், யார் துடுப்பு போடுவார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தால் பாய் கட்டலாம் என்று அவள் தாத்தா சொன்னதையெல்லாம் சொன்னாள். பேசி முடித்தபின் கேட்டேன், இதை இங்கிலீஷில் அந்த மிஸ்ஸுக்குச் சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொல்வாய்? யோசித்தாள். “போட். நோ இன்ஜின்.” கொஞ்சம் விட்டு, “நோ இன்ஜின், ஹவ் கோ?” என்றாள். போட்டும் இன்ஜினும் அவள் வீட்டுத் தமிழிலேயே இருக்கின்றன. ‘ஹவ்’ மட்டும் நான் கொடுத்தது. இலக்கணம் பிசகிய வாக்கியம்தான். ஆனால் அது அவளுடைய வாக்கியம். முதல் நாள் கோரஸாக வந்தது யாருடைய வாக்கியமும் இல்லை.

‘ஆங்கிலம் மட்டும்’ என்ற விதி எங்கிருந்து வந்தது? பலர் நினைப்பதுபோல் அது ஆராய்ச்சியின் முடிவு இல்லை. 1961 ஜனவரியில் உகாண்டாவின் மக்கரேரேயில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றி காமன்வெல்த் நாடுகளின் மாநாடு ஒன்று கூடியது. பேரரசு கலைந்துகொண்டிருந்த காலம். புதிதாக விடுதலை பெறும் நாடுகளில் ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்று பேசினார்கள். அந்த மாநாட்டின் அறிக்கையில் ஓடிய நம்பிக்கைகளை ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளிவந்த தம் ‘லிங்குவிஸ்டிக் இம்பீரியலிசம்’ நூலில் ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே மட்டும் கற்பிப்பதே சிறந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகம் கொட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. மற்ற மொழிகளைப் பயன்படுத்தினால் ஆங்கிலத்தின் தரம் குறையும். ஐந்துமே ஆதாரமில்லாதவை என்பது பிலிப்சனின் வாதம். இந்த ஐந்தையும் திருவொற்றியூர் பள்ளி வாசலில் நிற்கும் ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள், “ஆமா, சரிதானே” என்பார். மாநாட்டின் பெயரைக்கூடக் கேட்டிராதவரின் வாயில் அதன் தீர்மானம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில் 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் மறுபயிற்சி கொடுக்கும் பெருமுயற்சி நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் திட்டம். ‘மெட்ராஸ் ஸ்நோபால்’ என்றே அதற்குப் பெயர். வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சொல்லும் முறை வேரூன்றிய காலம் அது. தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள், “திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்” கோரஸ் மட்டும் மாறவில்லை.

வேறு வழியும் நம் பக்கத்திலேயே காட்டப்பட்டது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டம் ஆங்கிலம் கற்பிக்கும் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் என்று யோசித்து விடை காண வேண்டிய வேலைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். விடையைத் தேடும்போது மொழி தானாக வேலை செய்யும் என்பது அவர் நம்பிக்கை. பிள்ளைகள் தங்களுக்குள் தாய்மொழியில் பேசிக்கொள்வதை அந்தத் திட்டம் குற்றமாகப் பார்க்கவில்லை. அடுத்த ஊரில் நடந்ததை உலகம் படித்தது, நம் பள்ளிகளில் பாதிப் பேர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

எதிர்த்தரப்பின் பலமான ஆதாரத்தை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையில்லை. முழுக்க முழுக்க வேற்று மொழியில் பாடம் நடத்தி வெற்றி கண்ட இடங்கள் உண்டு. 1965இல் கனடாவில் மான்ட்ரியலுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே பள்ளியைத் தொடங்கவைத்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சு நன்றாகக் கற்றார்கள், ஆங்கிலமும் பழுதாகவில்லை. உலகத்தில் மொழி மூழ்கல் முறை என்று பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் காட்டுவது இந்த ஊரைத்தான். ஆனால் அந்த வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். ஆசிரியருக்குப் பிள்ளைகளின் ஆங்கிலம் புரியும். தொடக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது, ஆசிரியர் பிரெஞ்சில் பதில் சொன்னார். “எனக்குத் தாகமாக இருக்கிறது, போகட்டுமா” என்று தன் மொழியில் கேட்ட பிள்ளையை யாரும் உதட்டில் விரல் வைத்து உட்காரவைக்கவில்லை. வீட்டில் வசதி இருந்தது. தெருவில், கடையில், வேலையில் அவர்களுடைய மொழிக்கு முழு மரியாதை இருந்தது. இதில் எது எண்ணூரில் இருக்கிறது? மூழ்கல் முறையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அது நின்ற தரையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

டொரண்டோவுக்கோ லண்டனுக்கோ போன உறவுக்காரப் பிள்ளை ஒரே வருடத்தில் ஆங்கிலம் பேசிவிட்டதே என்று கேட்பார்கள். பேசும்தான். அங்கே பஸ்ஸில் ஆங்கிலம், விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் ஆங்கிலம். கண்ணகி நகரிலோ காலடிப்பேட்டையிலோ பள்ளி விட்டு வெளியே வந்த பிள்ளையின் காதில் ஆங்கிலம் எங்கே விழுகிறது? புது மொழிக்கு வந்த குழந்தை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும், பிறகு தானே பேசும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். அங்கே அந்த மௌனத்தை உடைக்கத் தெருவே இருக்கிறது. இங்கே வகுப்பு மட்டும்தான். வகுப்பும் வாயை அடைத்தால் மௌனம் ஐந்தாம் வகுப்புவரை நீடிக்கிறது. நீடித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவிலேயே இப்படி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளை வெறுமனே ஆங்கில வகுப்பில் உட்காரவைத்தார்கள். 1974இல் தீர்ப்பு வந்தது: ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே பாடப்புத்தகம் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியதாக ஆகாது, புரியாத பிள்ளைக்கு அந்தக் கல்வியின் கதவு மூடியே இருக்கிறது. தெருவெல்லாம் ஆங்கிலம் பேசும் நாட்டின் நீதிமன்றம் சொன்னது இது. நம் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29, கற்பிக்கும் மொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அதே காலத்தில், 2012-13 தொடங்கி, அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் திறந்தோம். பெற்றோர் கேட்டார்கள், திறந்தோம். திறந்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. திறந்த வகுப்புக்குள் பிள்ளை எந்த வாயால் பேசும் என்று யோசிக்காமல் திறந்ததைத்தான் சொல்கிறேன்.

மறுதரப்பு நியாயமாகவே ஒன்று கேட்கும். தமிழை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? மிஸ் ஒரு வரி ஆங்கிலத்தில் படிப்பார், உடனே தமிழில் சொல்வார், அடுத்த வரி படிப்பார், தமிழில் சொல்வார், கடைசியில் கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதும். பத்தாம் வகுப்புவரை இப்படியே போய், ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் வெளியே வரும். இதற்குத்தானே பயந்து ஆங்கிலம் மட்டும் என்றோம்?

பயம் நியாயமானது. அந்த வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அதில் பிள்ளை தமிழ் வரிக்காகக் காத்திருக்கிறது, ஆங்கில வரியைக் கேட்பதே இல்லை. ஆனால் அந்த வகுப்பில் தமிழ் பேசுவது யார்? மிஸ். ஆங்கிலம் பேசுவது யார்? அதுவும் மிஸ். பிள்ளை எந்த மொழியிலும் பேசவில்லை. சனிக்கிழமை வகுப்பிலும் இதேதான்: தன்னார்வலர் பேசுகிறார், பிள்ளை எதிரொலிக்கிறது. இரண்டு முறைக்கும் நோய் ஒன்று. நோய் தமிழில் இருப்பதாக நினைத்துத் தமிழை வெட்டி எறிந்தார்கள். பிள்ளையின் சொந்தப் பேச்சு வகுப்பில் எங்குமே இல்லாததுதான் நோய். தமிழ் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும், நாம் ஆங்கிலத்தை அதன் கையில் கொடுப்போம். நான் கேட்பது இது ஒன்றுதான். வரிக்கு வரி மொழிபெயர்க்கும் வகுப்பை நான் காப்பாற்ற வரவில்லை.

இனி, உதவிக்கு யார் வர வேண்டும் என்ற கேள்வி. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது.

குத்துகிற பின்னையும் குப்பை போடும் பின்னையும் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ‘பின்’தான். தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். அது எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து ஒலி மாறும். ‘பம்பரம்’ என்று சொல்லும்போது இரண்டு ஒலியும் நம் வாயில் வருகிறது, வந்தது நமக்கே தெரிவதில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்தையும் மாற்றி மாற்றி எழுதினால், அது ஏன் என்று தமிழ் வாயுள்ளவருக்கு உடனே தெரியும். பம்பரத்தை வைத்தே தொண்டையில் கை வைத்து ஒலி வித்தியாசத்தைக் காட்டிவிடலாம். தெரியாதவருக்கு அது கவனக்குறைவு. “திஸ் மை பேக்” என்று ஒரு பையன் சொல்கிறான். நுனிநாக்கு ஆங்கிலக்காரருக்கு அது ஓட்டை வாக்கியம். ‘இது என் பை’ என்று தமிழில் சொல்லும்போது நடுவே எதுவும் தேவையில்லை என்பது தெரிந்தவருக்கு, பையன் ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொன்றுக்குச் சரியாகக் கொண்டுபோயிருக்கிறான் என்று புரியும். “டேபிள் ஆன் புக்” என்பதும் அப்படித்தான். பிள்ளையின் பிழையில் இருக்கும் அறிவைப் படிக்கத் தெரிந்தவர்தான் அடுத்த அடியைச் சொல்ல முடியும். அந்தப் படிப்பு தெருவில் வளர்ந்த அக்காவுக்கு இருக்கிறது. மூன்றாவது மாடி அலுவலகத்திலிருந்து வரும் இனிய குரலுக்கு இல்லை.

உச்சரிப்பு கெட்டுவிடும் என்கிறார்கள். யாருடைய உச்சரிப்பு? ‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளைக்கு ‘ஸ்கூல்’ என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். கைப்பேசியில் எத்தனையோ குரல்கள் கிடைக்கின்றன. வாயைத் திறக்கவே கூச்சப்படும் பிள்ளையைத் திறக்கவைக்க எந்தக் கைப்பேசியாலும் முடியாது. “இன்னாடா, சொல்லு, தப்பானா என்ன” என்று பக்கத்தில் குந்திக்கொண்டு கேட்கிற குரலுக்குத்தான் அது திறக்கும். அந்தப் பேச்சைக் கொச்சை என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். துறைமுகமும் ரயிலும் மில்லும் வந்த இடம் இது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. வந்த மொழிகளையெல்லாம் வாங்கிப் பழகிய பேச்சு இந்தப் பேச்சு. ஷிப்ட்டு, லோடு, யார்டு, கண்டெய்னர், கிரேன், ஓவர்டைம் எல்லாம் பள்ளிக்கு வரும் முன்பே பிள்ளையின் நாக்கில் இருக்கின்றன. புது மொழியைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த வாயைப் பார்த்து, முதலில் வாயை மூடு, பிறகு மொழி தருகிறேன் என்கிறோம்.

கொஞ்சம் மட்டும் முன்னே போனவர் பின்னே வருகிறவருக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்தது அதைத்தான். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்தார். தம் ஆசிரியர்களிடம் அப்படிச் செய்யச் சொன்னார், முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் எழுத்து வகுப்பைக் கொடுத்தார். பையன் செய்து காட்டினான். 1797இல் பெல் அதை நூலாக எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுதும் பரவியது. ஆங்கிலேயப் பிள்ளைகள் ஆங்கிலம் படித்ததே நம் ஊர்த் திண்ணையிலிருந்து போன முறையில். அதே ஊரில் இன்று, ஆங்கிலம் சொல்லித்தர வெளியிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்கிறோம்.

பெல்லின் முறையை நான் கும்பிடவில்லை. ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சப்படுத்தும் வழியாகத்தான் இங்கிலாந்து அதைப் பெரிதும் பயன்படுத்தியது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆசிரியர். அதே ஆபத்து இங்கேயும் இருக்கிறது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தெருத்தெருவாகப் பெண்கள் முன்வந்து, கொரோனாவில் பள்ளியை மறந்த பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துப் படிப்பு சொன்னார்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தோம். அந்தப் பெண்களிடம் இருந்த திறமையை அந்தத் திட்டம் கண்டுபிடித்தது, அதற்கு நன்றி. ஆனால் திறமையைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குப் பேருந்துச் செலவு மட்டும் கொடுப்பது தொண்டு என்ற பெயரில் செய்யும் சுரண்டல். வகுப்பில் துணையாக நிற்கும் அக்கா ஆசிரியருக்கு மாற்று ஆக முடியாது. ஆசிரியர் இடம் காலியாக இருக்கும் பள்ளியில் தன்னார்வலரை நிறுத்தி ஒப்பேற்றுகிறவர்களுக்கு என் வாதம் துணை போகக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஓர் அம்மா கேட்பார்: “நீ சொல்றதெல்லாம் சரிம்மா, தமிழ்தான் வீட்ல பேசுறோமே. இஸ்கூலுக்கு அனுப்புறதே இங்கிலீஷுக்குத்தானே?” இதற்குத் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் பதில் சொல்வதில்லை. தங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டு மீனவர் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வியின் சிறப்பைச் சொல்கிறவர்களை அந்த அம்மா நம்ப மாட்டார். நம்பத் தேவையும் இல்லை. ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் தொடங்கிய கட்சிதான் ஆட்சிக்கு வந்து 1968இல் இருமொழிக் கொள்கையைக் கொண்டுவந்தது. தமிழும் ஆங்கிலமும் என்பதே அந்தக் கொள்கை. தமிழுக்குப் பதில் ஆங்கிலம் என்று யாரும் அன்று சொல்லவில்லை. ஆங்கிலத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் சண்டையே இல்லை.

இந்தப் பகுதியில் ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்று அந்த அம்மாவைப் போலத் தெரிந்தவர்கள் யார்? மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பகுதியில் அனல் மின் நிலையங்கள், லாரித் தொழிற்சாலை, 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகம். சுற்றிலும் இத்தனை வேலை. கேட்டுக்கு உள்ளே நிரந்தர வேலையில் யார், வெளியே காண்ட்ராக்டில் யார் என்பதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். 2023 டிசம்பர் மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சு முட்டிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு ஆலை வருவதற்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக்கு, சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தருகிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்கு எந்த ஆங்கிலம் தேவை என்று அதிலிருந்தே தெரிகிறது. அந்தப் பக்கங்களைப் படித்து, நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுந்து நின்று கேட்கிற ஆங்கிலம். படத்தில் இருந்த படகில் இன்ஜின் இல்லையே என்று கேட்ட சிறுமி வளர்ந்தால் அதைக் கேட்பாள். “குட் மார்னிங் மிஸ், ஹவ் ஆர் யூ மிஸ்” என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியே கிடைத்திருக்காது. கேள்வி முதலில் தமிழில்தான் பிறக்கும். அங்கேயே அதை நசுக்கிவிட்டால் பிறகு எந்த மொழியிலும் அது வராது.

புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் இப்போது பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே ஆங்கிலம்தான் பொதுமொழி என்று. காதுக்கு நியாயமாகப் படும். ஆனால் ஆங்கிலமும் தெரியாத பிள்ளைக்கு அது எப்படிப் பொதுமொழி? எங்கள் வகுப்பில் ஓர் ஒடியாப் பையன் இருக்கிறான். வந்த புதிதில் ஓரமாக உட்கார்ந்திருப்பான். கோலி விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள், சில மாதத்தில் எங்கள் பிள்ளைகள் பேசும் அதே தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டான். எந்தத் திட்டமும் அவனுக்குத் தமிழ் சொல்லித்தரவில்லை. ஆங்கில மணியில் ‘ரெய்ன்’ என்று படம் காட்டியபோது அவன் தன் மொழியில் ஏதோ சொன்னான். பக்கத்துப் பையன், “மழைடா, அவன் ஊர்ல அதுக்கு அப்டி சொல்வாங்களாம்” என்று எனக்கு விளக்கினான். மூன்று மொழியும் அந்த நிமிடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தன. அதன் பிறகு அவனுக்காக நானும் பத்துப் பதினைந்து ஒடியா வார்த்தை கற்றுக்கொண்டேன். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ், தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கு, ராயபுரத்து உருதுப் பிள்ளைக்கு உருது. பிள்ளை எந்த வாயோடு வருகிறதோ அந்த வாய் வகுப்புக்குள் வரட்டும்.

சனிக்கிழமை வருகிறவர்கள் வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய ஆங்கிலம் எங்களுக்குத் தேவை. வரும்போது தெரு அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளட்டும், பிள்ளை தமிழில் சொல்வதைக் கேட்கும் பொறுமையோடு வரட்டும். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து பிரித்து உட்காரவைக்கக் கற்றுக்கொண்டோமே, அந்தக் கவனிப்பை ஆங்கில மணியிலும் காட்டலாம். அதற்குப் பிள்ளை பேச வேண்டும். வகுப்புத் துணைக்கு வரும் பெண்களுக்கு மாதச் சம்பளம் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கொடுங்கள், அவர்களுக்கு ஆங்கிலமும் கற்றுக்கொடுங்கள், பயிற்சிப் பலகையிலிருந்து ‘ஆங்கிலம் மட்டும்’ என்ற வரியை அழியுங்கள். பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகள், மிஸ் எத்தனை தமிழ் வார்த்தை சொன்னார் என்று எண்ணிக்கொண்டு பின்னால் உட்கார வேண்டாம். கடைசி வரிசைப் பிள்ளை அந்த நாற்பது நிமிடத்தில் தானாக எத்தனை முறை பேசியது என்று குறித்துக்கொண்டு போங்கள், அதைப் பதிவேட்டில் எழுதுங்கள்.